கோட்டின் கனம்

1

நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு அட்டை தயாரிக்கும் வேலை, நான் மீஞ்சூரில் குடியிருக்கிறேன் என்ற ஒரே தகுதியினால் என்மேல் விழுந்தது. பட்டணத்தில் கேட்கிற கூலியில் பாதிக்கு இங்கே முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கடை. கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்ப், பிளெக்ஸ் பேனர் எல்லாம் செய்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடந்து முடிகிறவரை கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரின் முன்னால் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பையன்.

நண்பர் பேனாவில் வரைந்த சித்திரம்தான் அட்டைக்கு. இரண்டு பனை மரங்கள், கரையேற்றிய ஒரு படகு. பையன் அதைக் கோரல்ட்ராவில் கோடு கோடாக மறுபடி போட்டு வைத்திருந்தான். திரை முழுக்க விரிந்திருந்தபோது மூலத்தைவிடச் சுத்தமாகக்கூட இருந்தது. ஆனால் டெம்மி அளவு அட்டையில், கீழே ஒரு ஓரத்தில் அது உட்கார வேண்டும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, மூலையைப் பிடித்து, நாலில் ஒரு பங்காக உள்ளே இழுத்தான். பனை மரங்கள் இரண்டும் கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே இருந்த வெள்ளை முழுவதும் அடைபட்டுப் போயிற்று. படகோ நூலிழையாக மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஒரே தேர்வு, ஒரே இழுப்பு, இரண்டு விளைவுகள்.

"என்ன தம்பி, மரம் ஒரு மாதிரி, படகு ஒரு மாதிரி?"

"அது அப்படித்தான் சார். சிலதுக்குக் கோடும் கூட வரும், சிலதுக்கு வராது."

"எதனால?"

"மரம் நான் புதுசாப் போட்டது. படகு முன்னாடியே வேற நோட்டீசுக்குப் போட்டு வெச்சிருந்தது சார், அதையே மாத்தி எடுத்துக்கிட்டேன். அதுல டிக் அடிச்சிருக்கும்."

அவன் சொன்ன டிக்கை எனக்குக் காட்டினான். கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் ஜன்னலில் ஒரு சிறு கட்டம். அதைக் குறித்திருந்தால் உருவம் பெருக்கும்போது கோடும் பெருக்கும், சிறுக்கும்போது சிறுக்கும். குறிக்காவிட்டால் உருவம் யானையானாலும் எறும்பானாலும் கோடு பிறந்தபோது இருந்த தடிமனிலேயே நிற்கும். எழுத்துக்களிலும் இதே விவகாரம். ஒரு வகை எழுத்து, சட்டத்தைப் பிடித்து இழுத்தால் தானும் கூட நீளும். இன்னொரு வகையில் சட்டம் மட்டுமே பெரிதாகும். எழுத்து அசையாது, வரிகள்தான் இடம் மாறிக்கொள்ளும். திரையில் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவேதான் தெரியும். இழுத்துப் பார்த்தால்தான் தெரியும், எது எந்த ஜாதி என்று. இல்லஸ்ட்ரேட்டர் என்ற மற்ற மென்பொருளில் இந்தக் கட்டம் பொருளிடம் இல்லை, மென்பொருளின் பொதுவான விருப்பங்களில் இருக்கிறது. அதாவது கோரலில் ஒவ்வொரு கோடும் தன் விதியைத் தன்னோடு சுமந்து வருகிறது. இல்லஸ்ட்ரேட்டரில், இன்றைக்குக் கருவி எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே விதி.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர் போட வந்தவர்கள். மூத்தவர் கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதிலிருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

2

முரண்பாடு என்று சொல்லி நிறுத்திவிடுவது சுலபம். என் முதல் எரிச்சலும் அதுதான். இயந்திரம் என்றால் ஒரு நியதி வேண்டாமா? ஆனால் எந்த நியதி என்று கேட்டுக்கொண்டால் எரிச்சல் நிலைக்கவில்லை. கோடு எப்போதும் கூட வரவேண்டும் என்று விதித்தால், ஊர்ப் படத்தைச் சின்னதாக்கும்போது தெருக்கள் காணாமல் போகும். எப்போதும் வரக்கூடாது என்று விதித்தால், இந்தப் பனை மரங்களைப்போல் எல்லாம் மைத்திட்டாகும். இரண்டுமே சீரான விதிகள். இரண்டுமே பாதி இடங்களில் தவறு. ஆகவே பையனின் திரையில் நான் கண்டது கவனக்குறைவு அல்ல. தீர்க்கப்படாத ஒரு கேள்வி. ஒரு பொருளின் அளவை மாற்றும்போது எது அந்தப் பொருளுக்குச் சொந்தம், எது அதன்மேல் வந்து ஒட்டிக்கொண்டது? கோடு பனையின் உடம்பா, சட்டையா?

இயற்கையில் இந்தக் கட்டம் இல்லை. 1638இல் வெளிவந்த தன் கடைசி நூலில் கலிலியோ ஒரு எலும்பை வரைந்து காட்டுகிறார். விலங்கின் உருவத்தை விகிதம் மாறாமல் பெருக்கினால் அதன் எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். எலும்பின் பலமோ குறுக்குவெட்டைப் பொறுத்து இருமடிப் பெருக்கமாகத்தான் ஏறும். எனவே அரக்கன் என்பவன் பெரிதாக்கப்பட்ட மனிதனாக இருக்க முடியாது. அவன் எலும்பு விகிதம் மீறிப் பருத்தாக வேண்டும், அல்லது அவன் தன் எடையிலேயே நொறுங்கவேண்டும். 1726இல் ஸ்விஃப்ட் கல்லிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பியபோது இதில் ஒரு பாதியைப் புரிந்துவைத்திருந்தார். கல்லிவர் அவர்களைவிடப் பன்னிரண்டு மடங்கு உயரம். ஆனால் அவனுக்கு வேண்டிய சோறு பன்னிரண்டு பேருடையதல்ல, பன்னிரண்டின் மும்மடியான 1,728 என்ற கணக்கை ஒட்டியது. ஸ்விஃப்ட் சோற்றைச் சரியாகக் கணக்கிட்டார். அடுத்த பயணத்தில் வருகிற ராட்சதர்களின் எலும்பைக் கணக்கிடவில்லை. ஒரே பொருளின் வெவ்வேறு கூறுகள் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன என்பதுதான் இதிலிருந்து நமக்கு வேண்டியது. அளவு மாறினால் பொருளே மாறிவிடுகிறது. 'அதே பொருள், சின்னதாக' என்பது திரையில் மட்டுமே சாத்தியமான கற்பனை.

நம் சிற்பிகள் இதை வேறு திசையிலிருந்து அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைவிடச் சிவன் பெரிய உருவம்; காலடியில் கணங்கள் சிறுத்திருக்கிறார்கள். அங்கே அளவு என்பது தூரமும் அல்ல, உடம்பும் அல்ல, ஸ்தானம். நம் கட்சி பேனர்களின் இலக்கணமும் அதுவே. பேனரின் பாதியைத் தலைவரின் முகம் எடுத்துக்கொள்ள, அடியில் வட்டம் வட்டமாக உள்ளூர்ப் பிரமுகர்களின் தபால்தலைத் தலைகள். இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பாறையிலும் பேனரிலும் ஒரு நேர்மை இருக்கிறது. எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதை அவை மறைப்பதில்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடும். பையனின் திரையில் நடந்தது அப்படியல்ல. வேறெதோ வேலைக்காக, வேறொரு நாளில் அடித்த ஒரு டிக், யாருக்கும் தெரியாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு இன்றைய அளவைத் தீர்மானித்தது. ஒழுங்கின்மை அல்ல என் புகார். மறைவுதான்.

3

அந்தப் போட்டோவில் இருந்தவர் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பம் ஒன்றிலிருந்து எங்கள் கிளைக்கு வந்துகொண்டிருந்தவர். படகு எஞ்சினுக்குக் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை 1,850 ரூபாய், கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்தன, அந்தப் பக்கத்து மீனை யாரும் வாங்கவில்லை. அடுத்த வருஷத்தின் தொடக்கத்தில் ஒரு மாதம் அவர் கணக்கில் நாற்பது ரூபாய் குறைந்ததனால் தவணை திரும்பிவிட்டது. தவணை திரும்பினால் கட்டணம் 250 ரூபாய், அதற்கு வரி 18 சதவீதம், ஆக 295. பாஸ்புக்கில் பதிந்துகொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"நாப்பது ரூபா கொறஞ்சதுக்கு முந்நூறா சார்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணே" என்றேன்.

சொன்னபோது எனக்கு அதில் சிறு பெருமிதம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்யும் சொல்லவில்லை. அதே நாள் அதே திரையில் ஒரு லாரிக் கான்ட்ராக்டரின் 62,000 ரூபாய்த் தவணையும் திரும்பியிருந்தது, அவருக்கும் 295தான். சமத்துவம். நான் யார் முகத்தையும் பார்த்து வசூலிக்கவில்லை.

பையனின் திரையில் பனை மரம் திட்டானபோதுதான் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 62,000இல் 295 என்பது அரை சதவீதம்கூட இல்லை, நூலிழை. 1,850இல் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே இருந்த வெள்ளை முழுவதையும் அடைத்துவிட்டது. உருவம் சிறுத்தபோது கோடு சிறுக்கவில்லை. இத்தனைக்கும் அதே கடனுக்கான வட்டி சதவீதக் கணக்கு; தொகை குறைந்தால் வட்டியும் குறையும். ஒரே கடன். அதன் ஒரு கோட்டுக்கு டிக் உண்டு, இன்னொரு கோட்டுக்கு இல்லை. அடித்தவர் யார், எந்த வேலைக்காக அடித்தார் என்பது பத்து வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒன்றாக இருந்ததே அதன் கோளாறு. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க மேலாளருக்கு அதிகாரம் உண்டு. போய்க் கேட்கும் சுதந்திரம் எனக்கு இருந்தது. கேட்கவில்லை.

அப்படியானால் எல்லாம் அளவுக்கேற்ப மாறவேண்டும் என்பதா தீர்வு? பின்லாந்தில் 1921 முதல் சில குற்றங்களுக்கான அபராதம் குற்றவாளியின் வருமானத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. நியாயமாகவே படுகிறது. ஆனால் இதே வாதத்தை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனால் அதன் முகம் மாறிவிடுகிறது.

அவர் இறந்தது சாலையில், கன்டெய்னர் லாரி மோதி. கடையில் காத்திருந்த அவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். நம் நாட்டில் வாகன விபத்து இழப்பீடு கணக்கிடப்படும் முறையை 2009இல் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. இறந்தவரின் ஆண்டு வருமானத்திலிருந்து அவர் சொந்தச் செலவுக்கான பங்கைக் கழித்து, மிச்சத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்து வயதுக்கு அந்த எண் 11. பொறியாளர் இறந்தாலும் மீனவர் இறந்தாலும் பெருக்கும் எண் ஒன்றுதான், பெருக்கப்படுவதுதான் வேறு. கழிமுகம் செத்த பிறகு அவருடைய வருமானம் என்ன என்று எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பார்கள்? இங்கே உருவம் சிறுத்ததோடு கோடும் சேர்ந்து மெலிகிறது. உயிரோடிருந்தபோது அவருடைய அபராதம் சிறுக்க மறுத்தது. இறந்த பிறகு அவருடைய இழப்பீடு சிறுக்கச் சம்மதிக்கிறது. இரண்டு இடத்திலும் டிக் தலைகீழாக விழுந்திருக்கிறது.

அதே இழப்பீட்டில் மாறாத கோடுகளும் உண்டு. 2017இல் அரசியல் சாசன அமர்வு சில தலைப்புகளுக்கு நிலையான தொகை வகுத்தது. துணையை இழந்ததற்கு 40,000, ஈமச் செலவுக்கு 15,000, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் உயர்வு. யார் மனைவியானாலும் துக்கத்துக்கு ஒரே தடிமன். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். துக்கத்துக்கு விலையா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொகை போதாது என்பது வேறு விஷயம். துக்கம் சம்பளத்தோடு சேர்ந்து சுருங்காது என்று எங்கோ ஒரு இடத்திலாவது யோசித்து எழுதியிருக்கிறார்கள், காரணத்தோடு. காரணம் எழுதப்பட்டிருப்பதனால் அதோடு சண்டை போடலாம். என் ஜன்னலில் சண்டை போட எதுவும் இல்லை. ஒரு திரையும், ஒரு எண்ணும், 'ரூல்' என்ற சொல்லும்தான்.

4

கோடு கூட வரலாம், வராமலிருக்கலாம் என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்று நம் அச்சு வரலாற்றிலேயே இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துக்களை வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். சீகன்பால்கு அவற்றைக்கொண்டு அச்சடிக்கத் தொடங்கினார். எழுத்துக்கள் மிகப் பெரிதாக இருந்தன. காகிதமோ கப்பலில் வரவேண்டிய அரிய சரக்கு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து மாளாது. உலோக எழுத்தை மூலையைப் பிடித்து இழுக்க முடியாதே! ஆட்லர் என்ற கைவினைஞர் இங்கேயே சிறிய எழுத்துக்களைப் புதிதாக வார்த்தார். பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை அதற்காக உருக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது.

உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வொரு அளவும் தனியாக வெட்டப்பட்டது. தேர்ந்த கைவினைஞன் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தின் குறுக்கலாகச் செய்யமாட்டான். உயரத்தோடு ஒப்பிட்டால் சின்ன எழுத்தின் கோடு சற்றுத் தடித்திருக்கும், உடல் சற்று அகன்றிருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளை திறந்திருக்கும். நம்முடைய ஞவையும் ழவையும் எண்ணிப்பாருங்கள். சின்ன அளவில் அந்தச் சுழிகளின் வெள்ளை அடைபட்டால் எழுத்து செத்தது. கோடு மாறாமலும் நிற்கவில்லை, அதே விகிதத்தில் மாறவும் இல்லை. அந்த அளவில் அது படிக்கப்பட வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக, அந்த அளவுக்கென்று மறுபடி யோசிக்கப்பட்டது. ஒரே மூலத்தை எல்லா அளவுக்கும் இழுத்துக்கொள்ளலாம் என்ற வசதி வந்தபோது நாம் இழந்தது இந்த யோசனையைத்தான்.

ஈயம் என்றதும் இன்னொரு ஈயம் நினைவுக்கு வருகிறது. அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், சட்டம் பொதுவாகப் பேசுவதனால் சில நேரங்களில் தவறிவிடும், அப்போது அதைத் திருத்துகிற ஒரு நியாயம் வேண்டும் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உவமை, லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் வைத்திருந்த ஈய அளவுகோல். விறைத்து நிற்காமல் கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுத்து அளக்கும் கோல் அது.

இங்கே ஒரு குமாஸ்தா என்ற முறையில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வளைகிற கோல் யாருக்காக வளையும்? நம் அலுவலகங்களில் விதி வளைவதை நாம் பார்க்காதவர்களா? கான்ட்ராக்டர் மேலாளரின் அறைக்குள் போய்க் காபி குடித்துவிட்டு வந்தால் அவருடைய 295 திரும்பிவிடும். அதனால்தான் என்னைப் போன்றவர்கள் விறைத்த கோலைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். குறைந்தபட்சம் கை சுத்தம். ஆனால் இது பாதி உண்மைதான். ஈயக் கோல் கல்லின் வடிவத்துக்கு வளைகிறது, பிடித்திருக்கிற கைக்கு அல்ல. கைக்கு வளைவது ஊழல். கல்லுக்கு வளைய வேண்டுமானால் கல்லைப் பார்க்க வேண்டும். நான் அன்று பாஸ்புக்கைத்தான் பார்த்தேன். விறைப்பை நேர்மை என்று எண்ணிக்கொண்டது பார்க்கிற சிரமத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் விமர்சனத்திலும் இந்த வியாதி உண்டு. முந்நூறு பிரதி அச்சிடுகிற வட்டம் நம்முடையது. நண்பரின் பதினோரு கவிதைகளுக்கு, ஒரு காவியத்துக்குப் போட வேண்டிய தடிமனில் அடைமொழிகளைப் போடுகிறோம்; கவிதை அந்தக் கனத்தில் அடைபட்டுப் போகிறது. நமக்கு ஆகாத ஒருவரின் நாவலை உலக இலக்கியத்தின் பக்கத்தில் வைத்து, அவர் கோடு தெரியாமல் போகிறவரை சுருக்குகிறோம். இரண்டுக்கும் தர அளவுகோல் என்றே பெயர் சொல்லிக்கொள்கிறோம். எந்தக் கட்டத்தை எப்போது குறித்தோம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

5

பையன் பனை மரத்தைச் சரிசெய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கோட்டின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தான், திருப்தி வரவில்லை. பிறகு மரத்தையே அழித்துவிட்டு, பதினைந்து ஓலை இருந்த இடத்தில் ஏழு ஓலையோடு மறுபடி போட்டான். படகின் பலகைக் கோடுகளில் பாதியை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தடித்தான்.

"சின்னதுக்குத் தனியாத்தான் போடணும் சார்" என்றான். அவன் தரங்கம்பாடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டான்.

அடுத்து அந்தப் போட்டோ. 45 மில்லிமீட்டர் உயரப் படம். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வீதம் ஸ்கேன் செய்தான். மேலிருந்து கீழ்வரை சுமார் 530 புள்ளிகள். அதை நாலடி உயரத்துக்கு இழுத்தான். அங்குலத்துக்குப் பதினொரு புள்ளிதான் மிஞ்சியது. திரையில் நெருங்கிப் பார்த்தபோது கண் இருந்த இடத்தில் பழுப்பும் கறுப்புமாகச் சில சதுரங்கள். இங்கே தனியாக மறுபடி போட வழியில்லை. அவருடைய முகம் இருப்பது இந்த ஒரு படத்தில் மட்டும்தான். கடன் மனுவில் ஒட்டுவதற்காக எடுத்த படம் என்றார் அண்ணன். அதன் இன்னொரு பிரதி எங்கள் கிளையின் கோப்பில் இருக்கும்.

"பரவால்ல சார், மேல கட்டிட்டா தூரத்துலேர்ந்து நல்லாத் தெரியும்" என்றான் பையன். உண்மைதான். நாலு அடி பின்னால் வந்து பார்த்தேன், சதுரங்கள் கூடி முகமாகிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா முகமும் சரியாகத்தான் இருக்கிறது.

அண்ணன் கேட்டார்: "கிட்ட வந்து பாக்கறவங்களுக்கு?"

பையன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகத்தை நாலடியிலிருந்து இரண்டடிக்குக் கொண்டுவந்தான். பேனரில் வெற்றிடம் விழுந்தது. அதில் கட்சிக்காரர்கள் படம் போடலாமா என்று கூட வந்த இளைஞர் கேட்டார். வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்றார் அண்ணன்.

மறுநாள் மேலாளரிடம் அந்த 295 ரூபாயைப் பற்றிக் கேட்டேன். கணக்கு இறந்தவர் பெயரில் இருப்பதனால் வாரிசுதாரர் மனு கொடுக்க வேண்டும் என்றார். மனுவோடு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் வேண்டுமாம்.